பட்டை பொய் சொல்லாது

இயேசப்பா, அம்மா தூங்கிட்டாங்க. பயமா இருக்கு, அதான் பேசுறேன்.

கையில கட்டின பட்டை பசின்னு காட்டினாத்தான் கடையில சாப்பாடு. எங்க தெரு பட்டையெல்லாம் பாதி நாள் 'பசி இல்லை'ன்னுதான் காட்டும். ஒம்பது வருஷமா வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிச்சதும் அம்மா பட்டையைச் சரி பண்ணச் சொல்லி மனு கொடுக்கப் போவாங்க. "பட்டை பொய் சொல்லாதும்மா"ன்னு ஆபீசர் கதிரேசன் சிரிப்பான். தம்பி பசியில செத்தப்பவும் அதையேதான் சொன்னான்.

திங்கக்கிழமை அவன் ரூமைப் பெருக்கப் போனப்ப, திறந்து கிடந்த கம்ப்யூட்டர்ல அவன் பட்டையை 'பசி இல்லை'ன்னு மாத்திட்டேன். ஒரு தடவை மாத்தினா மேலாபீசுக்கு மனு போனாத்தான் திரும்ப மாத்த முடியும். இன்னிக்கு பசியோட எங்க வாசல்ல வந்து நின்னான். அம்மா தன் கஞ்சியைக் கொடுத்துட்டு, "உங்களுக்கும் மனு எழுதுறேன் சார்"னாங்க.

நாளைக்கு வெள்ளிக்கிழமை, அம்மா அவனுக்காகவும் ஜெபம் பண்ணுவாங்க. மனு போனா நான் மாட்டிக்குவேன். ஆனா அதுக்காக மட்டும் கேக்கல. அவனுக்கு இன்னும் பசிக்கணும். அம்மாவோட இந்த ஒரு ஜெபத்தை மட்டும் கேட்டுடாதீங்க.