தீட்டு ஏறாத கரண்டு

“பட்டுத் துணியில தீட்டு ஏறாது. அது தெரிஞ்ச விஷயம். கரண்டு ஏறுமா?”

பஞ்சாயத்துத் தலைவர் உடையப்பன் இப்படிக் கேட்டதும் மின்சார சூப்பர்வைசர் பாக்கியராஜுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். எரியோட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊருக்கு அப்போதுதான் மின்சாரம் வரவிருந்தது. தலைவர் சம்மதிக்காவிட்டால் கம்பங்கள் அத்தனையும் வேறு ஊருக்குப் போய்விடும்.

தலைவருக்கு இருந்தது ஒரே தடை. சேரித் தெருவைத் தாண்டித்தான் அவர் வீட்டுக்குக் கரண்டு வரும் என்று பாக்கியராஜ் சொல்லியிருந்தார். அங்கே நாலு வீட்டில் புழங்கிவிட்டு வருவதைப் பூஜை அறையில் எப்படி ஏற்றுவது? கோயில் தர்மகர்த்தாவும் அவரே என்பதால் கவலையும் இரட்டிப்பாக இருந்தது.

சேரியில் சின்னக்கண்ணுவுக்கு வேறு கவலை. போன வருஷம் இருட்டில் பாம்பை மிதித்து அவள் புருஷன் செத்துப்போனான். தெருவில் ஒரு விளக்கு எரிந்தால் போதும் என்று பாக்கியராஜிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நினைத்துத்தான் அவர் பொறுமையாக மெகர் பெட்டியை எடுத்தார்.

அது மின்கசிவு பார்க்கிற பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் முள் காட்டும். தலைவரின் பட்டு அங்கவஸ்திரத்தை மாட்டிச் சுற்றினார். முள் அசையவில்லை. அவருடைய வியர்வையில் ஊறிய பருத்தித் துண்டை மாட்டினார். முள் துள்ளியது.

உடையப்பனுக்கு முகமெல்லாம் பல். சாஸ்திரத்தை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது என்றார். சேரி எல்லையில் கம்பியை அறுத்து, நடுவில் பட்டுத் துணியை வைத்துக் கட்டச் சொன்னார். கட்டினால் தீட்டும் வராது, வெளிச்சமும் வராது என்று பாக்கியராஜ் விளக்கினார். பருத்தியைக் கட்டினாலோ இரண்டும் வந்துவிடும் என்று தலைவர் தலையில் கை வைத்தார்.

சின்னாளபட்டியிலிருந்து சேலை கொண்டுவந்திருந்த நெசவாளி தண்டாயுதபாணி அப்போதுதான் வாயைத் திறந்தார். வியாபாரி, எந்தச் சங்கடத்துக்கும் அவரிடம் ஒரு துணி இருக்கும்.

“பருத்தியில பாவு, பட்டுல ஊடை போட்டு ஒரு துண்டு நெய்ஞ்சு தாரேன். பருத்தி நீளவாக்குல ஓடும், கரண்டு அது வழியாப் போயிரும். பட்டு குறுக்க நிக்கும், தீட்டு அதுல முட்டி நின்னுரும்.”

இரண்டையும் சேர்த்து முறுக்கி ஒரே நூலாக்கினால் என்ன என்று தலைவர் கேட்டார். கூடவே கூடாது, கலந்துவிட்டால் எது எதைத் தடுக்கும், இழை தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும் என்றார் நெசவாளி.

“ஊரும் அப்படித்தான இருக்கணும்” என்று உடையப்பன் மனம் நிறைந்து சொல்லிவிட்டு, சம்மதக் கையெழுத்தைப் போட்டார்.

துணி வந்தது. கம்பியை அறுக்காமலே எல்லைக் கம்பத்தில் அதைச் சுற்றிவிட்டார் பாக்கியராஜ். ஊர் முழுக்க விளக்கு எரிந்தது. உடையப்பன் பக்கத்து ஊர்க்காரர்களைக் கூட்டிவந்து தன் வீட்டு பல்பைக் காட்டினார். ஜில்லாவிலேயே வடிகட்டிய கரண்டு இங்கே மட்டும்தான் என்று பெருமைப்பட்டார். பழனிப் பக்கத்திலிருந்து ஒருவர் துணியின் அளவு கேட்டுக்கொண்டு போனார்.

வேலை முடிந்து கிளம்பிய பாக்கியராஜைச் சின்னக்கண்ணு வழியில் நிறுத்திக் கும்பிட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, எல்லைக் கம்பத்தில் சேரியைப் பார்த்த பக்கமும் அதேபோல் ஒரு துணி வேண்டும் என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“உனக்கு எதுக்கும்மா அந்தக் கூத்து?”

“எங்க தெருதான் கடைசின்னு நெசத்தைச் சொல்லியிருந்தா, அவரு வீட்டோட கம்பத்தை நிறுத்தியிருப்பாரு. அதுக்காகத்தான மாத்திச் சொன்னீங்க, அதை நாங்க மறக்க மாட்டோம்யா. ஆனா கரண்டு அவரு வீட்டுல புழங்கிட்டுத்தான எங்களுக்கு வருது? அவரு புத்தியும் கூடவே வந்து எங்க பிள்ளைகளுக்கு ஏறிரக் கூடாதுல்ல.”