மேகத்துக்கு மேலே நாற்பது நிமிடம்

விமானத்தில் மின்சாரம் போய்விட்டாலும் இன்ஜின் ஓடும் என்று மருதவாணன் மனைவி பூங்கோதையிடம் சொன்னார். இரண்டே இருக்கைகள் கொண்ட அவருடைய சொந்த விமானம் அது. காலையில் மெக்கானிக், "இன்னிக்கு எடுக்காதீங்க சார்" என்று தடுத்ததை அவளும் கேட்டிருந்தாள். கீழே ஒரு கிழிசல்கூட இல்லாமல் மேகம் பரவியிருந்தது. பேட்டரியில் மிச்சமிருந்தது ஒருமுறை பேசவாவது உதவட்டும் என்று, ரேடியோவைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு விமான நிலையத்தைக் கூப்பிட்டார்.

"இங்க தரை வரைக்கும் மூட்டம் சார், இறங்க முடியாது. நீங்க அப்படியே திரும்பி..." என்ற பெண்குரல் பாதியில் நின்றது. ரேடியோவின் விளக்கும் அணைந்தது.

"பெட்ரோல் எவ்வளவு நேரம் வரும்?" என்று பூங்கோதை கேட்டாள்.

"நாப்பது நிமிஷம்."

"கீழ என்ன இருக்கு?"

"மலைன்னு நெனைக்கிறேன்."

அவள் கைப்பையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் மகளுக்கு எழுதினாள்: 'அப்பா மேல தப்பில்ல.' அதை நான்காக மடித்து இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டாள். எழுதும்போதே அவர் படித்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அவர் விமானத்தை இடப்பக்கம் திருப்பினார்.