இரண்டரை சென்டிமீட்டர்

பைன் காட்டில் வெட்டிய குழிக்குள் நின்று, மண் ஆய்வு உதவியாளர் பவளக்கொடி சுவரில் டேப்பைப் பிடித்திருந்தாள். மேலே இரண்டு பேராசிரியர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, 'ஸ்போடோசால்' என்ற பெயரைச் சாமி பெயர் போல உச்சரித்துக்கொண்டிருந்தார்கள். பைன் ஊசிகள் மக்கிய புளிப்போடு மழைநீர் இறங்கி இறங்கி, மேல்மண் தன் இரும்பையெல்லாம் பறிகொடுத்துச் சாம்பலாக வெளுத்திருந்தது. பறிபோனது முழுக்கக் கீழே கறுப்புப் பட்டையாகப் படிந்து கிடந்தது. அந்தப் பட்டை இரண்டரை சென்டிமீட்டர் இருந்தால்தான் மண்ணுக்கு அந்தப் பெயர் கிடைக்கும். இல்லாவிட்டால் அவள் முழங்காலுக்கு நாளைக்கும் ஒரு குழி.

"சுவர் பளிச்சுன்னு இல்லியே, இன்னும் கொஞ்சம் சீவும்மா," என்றார் குலசேகரன்.

"நல்லா சீவட்டும் சார். வெறும் மண்ணுக்குப் பட்டாபிஷேகம் பண்றீங்கன்னு அப்பத்தான் தெரியும்," என்றார், அந்தப் பெயரை ஒப்புக்கொள்ளாத வில்பிரட்.

சுவரைச் சீவி உள்ளே போகப் போகப் பட்டை மெலிந்துகொண்டே வந்தது. இப்போது இரண்டுகூடத் தேறாது.

பவளக்கொடி வலது கட்டைவிரலை எச்சில் தொட்டு, பட்டையின் மேல் வைத்துக் கீழ்நோக்கி ஒரு இழுப்பு இழுத்தாள். மழை பல நூறு வருஷமாகப் பார்த்துவந்த வேலைதான்.

"ரெண்டரை இருக்கு சார்."

குலசேகரன் கைதட்டியே விட்டார். வில்பிரட் எட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் செல்போனை எடுத்தார்.

"போட்டோவுல நீயும் இரும்மா," என்றார் குலசேகரன். "அப்படியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டு, ஜெயிச்ச மாதிரி!"

பவளக்கொடியின் வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.