அட்டை நிலா

"முன்னோட்டத்தைப் பாத்தியா? அதெல்லாம் ஒரு நிகழ்ச்சியா? கண்ணாடித் தரை, கண்ணைக் குத்துற விளக்கு. ஆஸ்பத்திரியில உக்காந்த மாதிரி இருக்கும். நான் வரல."

"வரலைன்னா வரலைன்னு மட்டும் சொல்லு. புதுசை ஏன் திட்டுற?"

அசேனும் ரொசித்சாவும் போட்ட சத்தத்தில் மூன்றாவது மாடியே காதைத் தீட்டிக்கொண்டது. பல்கேரியாவின் ரூசே நகரத்தில் செப்டம்பர் என்றால் பால்கனிக்குப் பால்கனி குடைமிளகாய் சுடுவார்கள். எல்லாரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பக்கத்துப் பால்கனி பாவ்லினா மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஒட்டுக்கேட்பது தெரிந்துவிடுமே.

முப்பது வருஷத்துக்கு முன் நாடே பார்த்த 'ஒரே தலையணை' மறுபடி தொலைக்காட்சியில் வருகிறது. கணவனைப் பற்றி மனைவிக்கும், மனைவியைப் பற்றிக் கணவனுக்கும் எவ்வளவு தெரியும் என்று பார்க்கிற போட்டி. அன்றைக்கு அதில் ஜெயித்துக் கருங்கடல் ஓரம் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்த ஜோடி இவர்கள். பழைய ஜோடிகளைப் புது நிகழ்ச்சிக்கு அழைத்திருந்தார்கள்.

"பழசுல அப்படி என்னதான் இருந்துச்சு?" என்றாள் ரொசித்சா.

"நிலா இருந்துச்சு."

அட்டையில் வெட்டிய நிலா. அதைக் கயிற்றில் தொங்கவிட்டு, விளக்குகளைக் குறைத்து, ஜோடியை ஒரே பெஞ்சில் முதுகோடு முதுகாக உட்காரவைப்பார்கள். பின்னால் யாரோ நின்று நிலாவை ஆட்டுவது வீட்டிலிருந்தே தெரியும். ஆனாலும் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

மிளகாய்ப் புகைக்கு அப்பால் டான்யூப் நதி ஊதா நிறத்தில் கிடந்தது. அந்த நிலா அங்கேதான் தொங்குகிறது என்பதுபோல அசேன் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன் முகமே தெரியல. முதுகுச் சூடு மட்டும்தான். அதுல சாஞ்சுக்கிட்டே எல்லாப் பதிலும் சொன்னேன். இப்போ பட்டனை அமுக்கணுமாம்."

"பட்டனா உன் கஷ்டம்? முதல் சுற்றுதானே உன் கஷ்டம்."

புது நிகழ்ச்சியில் முதல் சுற்றே கல்யாண நாள்தான். அன்று மழையா வெயிலா, யார் அழுதார்கள், யார் தாமதமாக வந்தார்கள் என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்பார்கள்.

"பழசுல அதெல்லாம் கேக்கல," என்றார் அசேன். "ஜோடின்னா ஜோடி. அவ்வளவுதான்."

பாவ்லினாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அசேன் அண்ணே, மறந்துபோச்சுன்னா அக்காகிட்ட கேட்டு மனப்பாடம் பண்ணிக்கோங்க. எங்க வீட்டுக்காரருக்கு என் பேரே பாதி நாள் ஞாபகம் இருக்காது."

"உன் மிளகாய் கருகுது பாரு," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ரொசித்சா குரலைத் தாழ்த்தினாள். "டிவிக்காகக் கேக்கல, அசேன். உனக்கே தெரியும். வருவியா, மாட்டியா?"

அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். எங்கள் நாட்டில் அப்படி ஆட்டினால் மாட்டேன் என்று அர்த்தம்.

"நாடே நம்மளைப் பாத்திருக்கு. இத்தனை வருஷம் கழிச்சு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?"

"இந்த மூஞ்சியைத்தான். வேற எங்க போய் வாங்குறது?"

புகை மெல்லக் கலைந்தது. "வர்ற சனிக்கிழமை," என்றாள். அவர் தலை இடமும் வலமுமாக ஆடியது. சம்மதம்தான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் கட்டடம் முழுக்கச் செய்தி போய்விட்டது, ஜோடி படப்பிடிப்புக்காகத் தலைநகர் சோபியாவுக்குக் கிளம்புகிறது என்று. சனிக்கிழமை பாவ்லினா முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, துணைக்கு என்று காரில் தொற்றிக்கொண்டாள். கார் நாலு தெரு தாண்டி நகரமன்ற வாசலில் நின்றது.

"சோபியாவுக்கு இது வழியில்லையே, அக்கா?"

"சோபியாவுக்கு யாரு போறா? இறங்கு. சாட்சிக்கு ஒரு ஆள் குறையுது."

பாவ்லினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. படியேறிக்கொண்டே ரொசித்சா சொன்னாள்: "அன்னிக்கு நாங்க வேடிக்கை பாக்கப் போன ஆளுங்க. பக்கத்துப் பக்கத்து நாற்காலி, பேர்கூடத் தெரியாது. நிகழ்ச்சி நடத்துறவன் வந்து, நீங்க ஜோடியான்னு இவரைக் கேட்டான். இவரு மேலும் கீழும் தலையாட்டினாரு. அவன் ரொம்ப நாள் வெளிநாட்டுல இருந்துட்டு வந்தவன். ஆமான்னு நினைச்சு மேடையேத்திட்டான். அன்னிலேருந்து அப்படியே ஒண்ணா இருந்துட்டோம்."

முப்பது வருஷமாகச் சுவரில் காதை வைத்திருந்த பாவ்லினா, அன்று மதியம் அவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். புதுமணத் தம்பதி அடுத்த மாதமே கருங்கடல் ஓரம் வர்னாவுக்குக் குடிபோய்விட்டார்கள்.