நண்டு குறைந்த காரணம்

"அஞ்சு பிள்ளைங்களா?"

ஹரிகிருஷ்ணனின் பேனா நின்றுவிட்டது. அவர் இரண்டு முனைவர் பட்டங்களும் ஒரே ஒரு மகனும் உடையவர்.

"அஞ்சோட ஆபரேசன் பண்ணிக்கிட்டேன் சார்" என்றாள் வேம்பு, வலையிலிருந்து நண்டுகளைப் பிரித்தபடி.

நோணாங்குப்பம் உப்பங்கழியில் நண்டு ஏன் குறைந்துபோனது என்று அரசாங்கத்துக்கு அறிக்கை எழுத வந்திருந்தார் அவர்.

"உங்க தாத்தா காலத்துல இந்தக் கரையில எத்தனை வீடு?"

"இருவது இருக்கும்."

"இப்ப?"

"நூத்திப்பத்து சார்."

"அப்புறம் நண்டு எப்படிம்மா இருக்கும்? இத்தனை வாய்க்குக் கழி தாங்குமா?"

காரணம் என்ற கட்டத்தில், 'மக்கள்தொகைப் பெருக்கம்.' தீர்வு என்ற கட்டத்தில், 'குடியிருப்பை அகற்றலாம்.' எழுத்து முத்து முத்தாக விழுந்தது. எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார்.

வேம்புவின் கை ஓய்ந்தது. "எங்கள தூக்கிடுவீங்களா சார்? கழிய வுட்டுட்டு எங்க போவோம்?"

"பக்கத்துல மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில எத்தனையோ கம்பெனி இருக்கு."

"நண்டு புடிக்கிறவள எந்தக் கம்பெனி சார் சேத்துக்கும்?"

ஃபைலை மூடினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"சரி, வந்தது வந்தேன். சினை நண்டா பார்த்து ரெண்டு கிலோ போடு. முட்டை இல்லேன்னா எங்க வீட்டுல யாரும் தொடமாட்டோம்."

வேம்பு கையிலிருந்த நண்டைப் புரட்டினாள். வயிற்றில் மஞ்சளாக முட்டை. ஹரிகிருஷ்ணன் அவசரமாகப் பையை விரித்தார்.

அவள் குனிந்து அதைத் தண்ணீரில் விட்டாள்.

"அடடா, ஏம்மா!"

"சினை நண்ட எடுக்கமாட்டோம் சார். ஊர்க் கட்டுப்பாடு. போன வருசம் தெரியாம கூடையில ஒண்ணு வந்துட்டுது. அத கழியில வுட்டும், எங்க வூட்டுக்காரர ஒரு மாசம் வலை எறக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஏழு பேரும் கஞ்சியத்தான் குடிச்சோம்."

ஒரு சினையில் எத்தனை லட்சம் முட்டை என்று ஹரிகிருஷ்ணனுக்குத் தெரியும். வகுப்பில் வருடா வருடம் சொல்லிக்கொடுத்தவர்.

பையைச் சுருட்டினார். ஃபைலைத் திறந்து இரண்டு கட்டங்களிலும் எழுதியதை அடித்தார். காரணத்தை மாற்றி எழுதத்தான் பேனா நகரவில்லை.

வேம்பு கள்ளமில்லாமல் கேட்டாள்:

"ஏன் சார், அந்த முட்டை எப்படித்தான் இருக்கும்? எங்க சனத்துல ஒருத்தரும் தின்னு பாத்ததில்ல."