ஆடுகிற மிஷின்

ராசையா அண்ணாச்சி மிஷின் மேல் ஒரு கிளாஸ் டீயை வைத்து சுவிட்சைப் போட்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பார்த்தீங்களாண்ணே? கல்லு மாதிரி நிக்கி. பழகுற கைக்கு இதுதான் லாயக்கு."

அருள்நாதனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆடாத மிஷின் யாருக்கு வேண்டும்?

அது ஸ்க்ரோல் சா. தையல் மிஷின் மாதிரிதான் இருக்கும். ஊசி ஏறி இறங்குகிற இடத்தில் ஒல்லியான ரம்பம் ஓடும். பலகையில் மான், மயில் என்று வளைத்து வளைத்து அறுக்கலாம்.

அருள்நாதன் ஹார்பரில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ரம்பத்தைத் தொட்டதே இல்லை. இந்தக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாவற்றையும் தானே ப்ளைவுட்டில் அறுக்கப்போவதாக மனைவி ஃப்ளோரன்ஸிடம் சொல்லி, அவளையும் கடைக்குக் கூட்டி வந்திருந்தார். பேரம் பேச அவளை விட்டால் ஆள் கிடையாது.

ஒட்டகமாவது மண்ணாங்கட்டியாவது.

விஷயம் அவருடைய வலது கை. ஈஸ்டரிலிருந்து அது தன்பாட்டுக்கு ஆடுகிறது. இப்போதுகூட பேண்ட் பாக்கெட்டுக்குள் கிடந்து துடித்துக்கொண்டிருந்தது.

ஃப்ளோரன்ஸுக்குத் தெரியக்கூடாது. அவளுடைய அப்பாவுக்கும் முதலில் கைதான் ஆடியது. அப்புறம் ஒன்பது வருடம் அவள்தான் கஞ்சி ஊட்டினாள். அவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று, "மாதாவே, இன்னொரு தபா என்னால ஆவாது" என்று படத்துக்கு முன்னால் விழுந்து அழுதாள். அருள்நாதன் அதை மறக்கவில்லை. மறக்கக் கூடியதா அது?

என்ன செய்வது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தபோதுதான் மொபைலில் அந்த வீடியோ வந்தது. முதன்முதலாக ஸ்க்ரோல் சா வாங்குகிறவர்களுக்கு ஒருவன் புத்தி சொல்லிக்கொண்டிருந்தான். மட்டமான மிஷின் பக்கமே போகாதீர்கள், அதை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆனாலும் உங்கள் கை ஆடிக்கொண்டே இருக்கும் என்றான்.

அடேங்கப்பா!

அருள்நாதன் அந்த வீடியோவை நான்கு தடவை பார்த்தார். காலையில் ஒரு ஆடு அறுக்க வேண்டியது, சாயங்காலம் ஒரு ஒட்டகம் அறுக்க வேண்டியது. ஏன் கை ஆடுகிறது என்று கேட்டால் மிஷினைக் காட்ட வேண்டியது. ஒட்டகம் எவ்வளவு கோணலாக வந்தாலும் பாதகமில்லை.

அதற்குத்தான் இப்போது திருவொற்றியூரில், அண்ணாச்சியின் டூல்ஸ் கடையில் நின்றுகொண்டு, நல்ல மிஷின்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தார். மூன்று மிஷின் ஆகிவிட்டது. மூன்றிலும் அந்த டீ அசையவில்லை. பாழாய்ப்போன டீ! தளும்பத் தளும்ப ஒரு முழு கிளாஸ். வீட்டில் கொஞ்ச காலமாக ஃப்ளோரன்ஸ் அவருக்குப் பாதி கிளாஸ்தான் தருகிறாள். கேட்டால், முழுசாக ஊற்றினால் ஆறிவிடுகிறதாம். ரிட்டயர் ஆனவனுக்கு அவ்வளவுதான் மரியாதை.

"அது இன்னா அண்ணாச்சி, மூலையில?"

அண்ணாச்சியின் முகம் சுருங்கியது. எர்ணாவூர்க்காரர் ஒருவர் வாங்கிப்போய் மறுநாளே திட்டிக்கொண்டு திருப்பிக் கொடுத்ததாம். எடைக்குப் போடத்தான் வைத்திருக்கிறாராம். அருள்நாதன் விடவில்லை. அண்ணாச்சி வேண்டாவெறுப்பாக அதை இழுத்து வந்து, டீயை மேலே வைத்து, சுவிட்சைப் போட்டார்.

கிளாஸ் கிடுகிடுவென்று ஓரத்துக்கு நடந்துபோய்க் கீழே குதித்து உடைந்தது. பக்கத்து ராக்கில் இருந்த ஆணி டப்பா ஒன்றும் கூடவே விழுந்தது.

அருள்நாதனின் முகம் மலர்ந்துவிட்டது.

வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, ரம்பத்துக்குத் தள்ளி, மிஷினின் ஓரத்தில் வைத்தார். மிஷின் ஆடியது. கை ஆடியது. எது எதை ஆட்டுகிறது என்று பெற்ற தாயே வந்தாலும் சொல்ல முடியாது. எத்தனை மாதம் கழித்து அந்தக் கை வெளிக்காற்று வாங்குகிறது! அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"இதான் அண்ணாச்சி. இத்த பேக் பண்ணுங்கோ."

"தர மாட்டேண்ணே. பழகுற ஆளுக்கு இதைக் கொடுத்தா அந்தப் பாவம் என்னையல்லா சேரும்!" என்று சொல்லி அண்ணாச்சி படக்கென்று சுவிட்சை அணைத்தார்.

மிஷின் நின்றது.

கை நிற்கவில்லை.

அருள்நாதன் திரும்பினார். ஃப்ளோரன்ஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்துக் கடையிலிருந்து வந்த புது டீ இரண்டு கிளாஸ் அவள் கையில் இருந்தது.

"மிஷின் ஆட்டி வுட்டுச்சு" என்றார்.

ஃப்ளோரன்ஸ் தலையாட்டினாள். தன் டீயைப் பாதி குடித்து இடம் பண்ணிக்கொண்டு, வீட்டில் செய்கிற மாதிரியே அவருடைய டீயில் பாதியைத் தன் கிளாஸில் ஊற்றிக்கொண்டு, மீதியை அவரிடம் நீட்டினாள்.

வலது கையில்தான் வாங்கினார். கிளாஸ் ஆடியது. டீ ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

மாமனாருக்கும் அவள் பாதி கிளாஸ்தான் கொடுப்பாள் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

ஃப்ளோரன்ஸ் அந்த மூலை மிஷினை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். திருப்தி இல்லாதவள் போல உதட்டைப் பிதுக்கினாள்.

"அண்ணாச்சி, இத்தவிட ஜாஸ்தி ஆடறது எதுனா கீதா?"