உட்காராத வண்டி

பிக்கப் வண்டியின் அடியிலிருந்து கணவனின் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விடிந்ததிலிருந்து இதே கூத்துதான். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்து, நடுவில் தடிதடியாகப் புதுப் பட்டைகளைச் சொருகிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வைத்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

ஸ்பேனர் கேட்டான். கொடுத்தாள். கொடுத்த வேகத்தில் அது சிமெண்ட் தரையில் ணங்கென்று விழுந்து உருண்டது. அவன் கையை நீட்டி எடுத்துக்கொண்டான்.

வாசலில் டிரெய்லர் நின்றது. தெருக்கோடியில் இருக்கும் கல் பட்டறைக்காரர் நேற்றே ஆள் வைத்து, தரைக்குப் பதிக்கும் கல் பலகைகளை அதில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார். வழக்கமாக ஏற்றுவதைப்போல ஒன்றரை மடங்கு இருக்கும். அதை இழுத்துக்கொண்டு மலையிறக்கம் முழுக்க இறங்கி, கீழே கட்டடம் கட்டுகிற இடத்தில் சேர்க்க வேண்டும்.

இறக்கம் முடிகிற இடத்தில் ஒரு வளைவு. வளைவை ஒட்டிப் பள்ளிக்கூடம்.

இத்தனை நாள் இப்படிக் கூடுதலாக ஏற்றுவது நடக்கவில்லை. பாரம் கூடினால் வண்டி பின்னால் குந்திவிடும். அதன் மூஞ்சி வானத்தைப் பார்க்கும். தெருவே நின்று சிரிக்கும். பட்டறைக்காரரும் வேறு வழியில்லாமல் கொஞ்சம் பலகைகளை இறக்கச் சொல்லிவிடுவார்.

போன வாரம் அவர் கணவனின் தோளில் கைபோட்டு, வண்டி குந்தாமல் செய்வது உன் கைக்கு ஆகாத வேலையா என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். யாராவது தட்டிக்கொடுத்துவிட்டால் இவனுக்குத் தலைகால் புரியாது.

பிரேக்கைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பிரேக்குக்கு என்ன கேடு என்றது வண்டிக்கு அடியிலிருந்து வந்த குரல். போன தடவை இறக்கத்தில் கருகல் வாடை வந்ததைச் சொன்னாள். இறக்கத்தில் எல்லா வண்டிக்கும்தான் வாடை வரும் என்றான்.

பட்டை தாங்கும், சரி. நிறுத்துவது யார்? அதை அவள் கேட்கவில்லை. கேட்டாலும் சுவரோடு பேசுவதுதான்.

கடைசி நட்டையும் முறுக்கிவிட்டு வெளியே வந்தான். ஜாக்கியை இறக்கினான். அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கை கொடுக்கச் சொல்லி டிரெய்லரைக் கொக்கியில் மாட்டினான்.

வண்டி துளிகூடத் தாழவில்லை. காலி வண்டி மாதிரி விறைப்பாக நின்றது.

அடுத்த வீட்டுக்காரர் அசந்துபோனார். கணவன் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, எப்படி என்பதுபோல அவளைப் பார்த்தான்.

"வண்டி உக்காந்தாதான் போதும்னு உங்களுக்கு உறைக்கும். இப்ப அதோட வாயையும் அடைச்சாச்சு. நான் சொன்னது என்னைக்கு உங்க காதுல விழுந்துச்சு?"

அடுத்த வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கணவன் சிரித்துச் சமாளித்தான். இவள் எப்போதும் இப்படித்தான், எதற்கெடுத்தாலும் பயம் என்று அவரிடம் சொன்னான். பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, தினமும் செய்வதுபோல அவளை நோக்கி வீசினான்.

அவள் அதைப் பிடித்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து வண்டியை ஓட்டுகிறவள் அவள்தான். அவனுக்கு வண்டியின் அடிவயிற்றில் இருக்கும் ஒவ்வொரு நட்டும் அத்துப்படி. ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது. சவாரி பேசுவான், பழுது பார்ப்பான், வாசலில் நின்று கையசைத்து அனுப்பிவைப்பான். அந்த இறக்கத்தை அவன் பாரத்தோடு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஏறி உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பவில்லை. எட்டி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க."

வேலை கிடக்கிறது என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு திறந்தபடியே இருந்தது. அடுத்த வீட்டுக்காரரும் போகிற வழியாக இல்லை. அவர் முன்னால் முடியாது என்று சொல்ல வாய் வராமல், கணவன் ஏறி உட்கார்ந்தான்.

பெல்ட்டை இழுத்து மாட்டினான். சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். பிறகு கழுத்தைத் திருப்பி, பின்கண்ணாடி வழியாக, தன் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருந்த கல் பலகைகளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பாதியை இறக்கிடலாமா?" என்று மெல்லக் கேட்டான்.

காலையிலிருந்து தனக்கு வந்ததெல்லாம் கோபமே இல்லை, பயம்தான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.